திருவரங்கமும் ராதாவின் அரங்கமும்

(திருச்சியில் தலித் மாணவர்களும் வீதி நாடகத் தோழர்களும் கூடிய பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



காலையில் ஒரு தோழர் கேட்டார்: "எம்.ஆர். ராதா நாயுடு வீட்டுப் பிள்ளை. திராவிடர் கழக மேடைக்காரர். தலித் நாடகப் பயிலரங்கிலே அவருக்கு என்ன வேலை?" கேட்க வேண்டிய கேள்விதான். ராதாவுக்கு மாலை போட இந்த ஊரில் ஆள் இருக்கிறது; நாம் போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. அவரிடமிருந்து எதை எடுத்துக்கணும், எதை அங்கேயே விட்டுட்டு வரணும் என்று பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.

கதை சொல்கிறவன் எங்கே நின்று சொல்கிறான் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதுக்கு இந்த ஊரைவிடத் தோதான ஊர் கிடையாது. கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் நடுவிலே திருவரங்கம். அரங்கம் என்றால் ஆற்றிடைத் தீவு. நாடக மேடைக்கும் அதே பேர்தான். அந்தக் கோயிலுக்குள்ளேயே நடிக்கிற கதைசொல்லிகள் உண்டு, அரையர் என்று பேர். மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து நாட்களில் கூம்புக் குல்லாய் வைத்து, கையில் தாளம் பிடித்து, பாசுரம் பாடி, அபிநயம் காட்டி, பொருளும் சொல்வார்கள். இரணிய வதம் வரும், கம்ச வதம் வரும். நல்ல கலை, அதிலே எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது பரம்பரை உரிமை. வைணவப் பார்ப்பனக் குடும்பத்து ஆண்களுக்கு மட்டும்.

அந்தத் திவ்வியப் பிரபந்தத்திலே பத்துப் பாசுரம் ஒரு பாணன் பாடியது. நம்ம உறையூர்க்காரர், திருப்பாணாழ்வார். பாணன் என்றால் யார்? யாழை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பாடி, கதை சொல்லிப் பிழைத்தவன். அவனைத்தான் பிற்காலத்தில் தீண்டாதவன் என்று ஆக்கினார்கள். கோயிலுக்குள் போக முடியாமல் காவிரித் தென்கரையில் நின்று பாடினார். தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் ஒதுங்கச் சொன்னார். பாட்டிலே மூழ்கியிருந்தவருக்குக் காது கேட்கவில்லை. கல்லை எடுத்து எறிந்தார். நெற்றியில் ரத்தம். உள்ளே பெருமாள் நெற்றியிலும் ரத்தம். அப்புறம் பெருமாள் உத்தரவு போட்டு, அந்த முனிவரே பாணரைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். முனிவாகனர் என்று பேர் வந்தது. இதுதான் தலபுராணம்.

சமத்துவத்துக்கு எடுத்துக்காட்டாக இந்தக் கதையை மேடைக்கு மேடை சொல்கிறார்கள். நீங்க அந்தக் காட்சியை நடித்துப் பாருங்க. தோளில் உட்கார்ந்து போகிறவன் கால் எங்கே இருக்கிறது? தரையில் இல்லை. ஏழு பிராகாரத்தைக் கடந்து கர்ப்பக்கிரகம் வரைக்கும் போனவனுடைய கால் கோயில் தரையில் படவே இல்லை! உள்ளே போனவர் திரும்பி வரவும் இல்லை, சோதியில் கலந்துவிட்டார். சிதம்பரத்தில் நந்தன் தீயில் இறங்கினான், திரும்பி வரவில்லை. நந்தன் கதையைக் காலட்சேபமாக எழுதிய கோபாலகிருஷ்ண பாரதியார், பெரியபுராணத்தில் இல்லாத ஒரு வேதியர் ஆண்டையைக் கொண்டுவந்து பண்ணையடிமைத்தனத்தையும் காட்டினார், சரி. ஆனால் முடிவை மாற்றவில்லை. 1935இல் கே.பி. சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் சினிமாவில் நந்தனாக நடித்தார்கள். சனங்கள் அழுதார்கள். அழுதுட்டு அவங்கவங்க தெருவுக்குப் போனாங்க. கோயிலுக்குள் நம்மைக் காலால் நடக்க விட்டது பெருமாள் உத்தரவு அல்ல, 1947ஆம் வருஷத்துச் சட்டம்.

இன்னொரு இடத்தையும் காட்டிவிடுகிறேன். தாயார் சன்னதிக்கு எதிரே கம்பர் மண்டபம் இருக்கிறது. கம்பராமாயணம் அங்கேதான் அரங்கேறியது என்பார்கள். அரங்கேற்றத்துக்கு முன்னால் அங்கே போய்ச் சம்மதம் வாங்கிவா, இங்கே போய்ச் சம்மதம் வாங்கிவா என்று கம்பனை அலையவிட்டதாகவும் கதை உண்டு. கம்பன் உவச்சர் குலம், கோயிலில் கொட்டு அடிக்கிறவர் வீடு என்பது மரபுச் செய்தி. கடைசியில் மேட்டழகிய சிங்கர் தலையை ஆட்டி ஒப்புதல் கொடுத்தாராம். கவனிங்க: இராமன் கதையைச் சொல்ல அனுமதி வேண்டும். அனுமதி கொடுக்க ஒரு சபை வேண்டும். இதை மனசில் வைத்துக்கொண்டு ராதாவிடம் வாருங்கள்.

ராதா பிறந்தது 1907, சென்னை சிந்தாதிரிப்பேட்டை. அப்பா ராஜகோபால் நாயுடு பட்டாளத்துக்காரர், முதல் உலகப் போரில் செத்துப்போனார். ஒரு துண்டு மீனுக்காக அம்மாவிடம் சண்டை போட்டு வீட்டைவிட்டு ஓடிய பையன், நாடகக் கம்பெனியில் போய்ச் சேர்ந்தான். பாய்ஸ் கம்பெனி என்றால் இன்றைய மாணவர்களுக்குத் தெரியாது. பத்து வயசுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். வாத்தியார் அடிப்பார். சோறு உண்டு, பள்ளிக்கூடம் கிடையாது. ராஜா, ராணி, ராட்சசன், முனிவர் எல்லாரும் மீசை முளைக்காத பையன்கள். அங்கே அவர் படித்தது புராண நாடகம். பின்னாளில் எதை அடிச்சு நொறுக்கினாரோ அதை வரிக்கு வரி மனப்பாடம் பண்ணியிருந்தார். புத்தகத்தில் படித்து விமர்சித்தவர் இல்லை. ராமன் எப்படி நிற்பான், முனிவர் எப்படிக் கையைத் தூக்குவார் என்று உடம்பாலேயே தெரிந்தவர். அதனால்தான் அவர் கிண்டல் அப்படிப் பட்டது.

திருச்சிக்கும் கம்பெனி நாடகத்துக்கும் உறவு பழசு. சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்த சிவாஜி கணேசன் சேர்ந்த யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனியில் ராதா மூத்த நடிகர். தியாகராஜ பாகவதருக்கும் இதுதான் ஊர். அந்தப் பாகவதர் சிக்கிய லட்சுமிகாந்தன் கொலை வழக்கையே ராதா 'லட்சுமிகாந்தன்' என்று நாடகமாகப் போட்டார். பேப்பரில் வந்த சமாச்சாரம் மேடைக்கு வர அவருக்கு நாளாகாது.

1937இல் 'ராஜசேகரன்' என்று சினிமாவுக்குப் போனார். சில படங்களோடு திரும்பி நாடகத்துக்கே வந்துவிட்டார். 1940களில் சுயமரியாதை இயக்கத்தோடு ஐக்கியமானார். 'இழந்த காதல்', 'விமலா', கலைஞர் எழுதிய 'தூக்குமேடை', 'தசாவதாரம்', 'ரத்தக்கண்ணீர்' என்று வரிசையாக நாடகம். நாங்கள் போடும் நூறு மாநாடும் ராதாவின் ஒரு நாடகமும் சமம் என்ற பொருளில் அண்ணா பேசினார். நடிகவேள் என்று பட்டுக்கோட்டை அழகிரி பட்டம் கொடுத்தார். பெரியார் திடலில் பெரியார் அவர் பேரில் மன்றமே கட்டினார்.

இந்தப் பட்டங்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர் வேலை செய்த விதம். மேடையிலே அவர் பாத்திரமாக மட்டும் இருக்கமாட்டார். பாத்திரத்திலிருந்து ஒரு காலை வெளியே எடுத்து வைத்துச் சனங்களிடம் பேசுவார். அன்றைக்குப் பேப்பரில் வந்த சேதி வசனத்துக்குள் வந்துவிடும். கூட்டத்தில் ஒருத்தன் கூச்சல் போட்டால் அவனுக்கும் அங்கேயே பதில். கட்டைக் குரலில் பேசிக்கொண்டே வந்து, திடீரென்று கீச்சுக் குரலுக்கு ஏறி, மறுபடி இறங்குவார். மிமிக்ரிக்காரர்கள் இன்றும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் குரல் மாற்றம் சும்மா வித்தை கிடையாது. ஒரு குரல் கதையைச் சொல்லும், இன்னொரு குரல் அந்தக் கதையைச் சந்தேகப்படும். இது நம்ம ஆட்களுக்குப் புதுசும் இல்லை. தெருக்கூத்துக் கட்டியங்காரன் செய்வதும் இதுதான். ராஜா வந்தால் ராஜாவைக் கும்பிட்டுக்கொண்டே கேலி பண்ணுவான். கட்டியங்காரனைக் கதாநாயகனாக ஆக்கினவர் ராதா. அப்படித்தான் நான் அவரைப் புரிந்துகொள்கிறேன்.

1954க்கு வருவோம். அந்த வருஷம் ராதா இராமாயணத்தை நாடகமாகப் போட்டார். எழுதியவர் திருவாரூர் கே. தங்கராசு. ராமன் வேஷம் ராதாவே. மனசு புண்படும் என்று நினைக்கிறவன் வரவேண்டாம், உன் காசும் எனக்கு வேண்டாம் என்று விளம்பரத்திலேயே போட்டுவிட்டார். இதுக்குப் பேர்தான் நேர்மை. கோயில் மண்டபத்தில் சபை கூட்டி அனுமதி வாங்கி அரங்கேறிய கதையை, டிக்கெட் வாங்குகிற எவனும் தரையில் உட்கார்ந்து பார்க்கிற கொட்டகைக்கு இழுத்து வந்தார். சிங்கர் தலையாட்டலுக்குக் காத்திருக்கவில்லை.

அதே 1954இல், காமராசர் முதல்வராக வந்த வருஷம், சென்னை சட்டமன்றம் நாடகச் சட்டத்தை நிறைவேற்றியது. ராதாவை மனசில் வைத்து வந்த சட்டம் என்பது ஊரறிந்த சேதி. வெள்ளைக்காரன் 1876இல் நாடகச் சட்டம் கொண்டுவந்தான், வங்காளத்தில் 'நீல தர்ப்பணம்' மாதிரி நாடகங்களுக்குப் பயந்து. அவன் போன பிறகு நம்ம ஆட்சி தன் பங்குக்கு ஒன்று போட்டது. ஆட்சேபகரமான நாடகம் என்று பட்டால் தடுக்கலாம், பிரதியைக் கேட்கலாம். ஒரு பேரில் தடை வந்தால் மறுநாள் வேறு பேரில் அதே நாடகத்தைப் போடுவார் ராதா என்று பழைய கழகத்துக்காரர்கள் ரசிச்சு ரசிச்சுச் சொல்வார்கள். அந்தச் சட்டம் எப்போது போனது தெரியுமா? ஞாநி போட்ட வழக்கில் 2013இல்தான் அது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. ராதா செத்து 34 வருஷத்துக்கு அப்புறம்! ஆண்ட கட்சிகள் எல்லாம் ராதாவைப் புகழ்ந்தன. ஆனால் சட்டத்தை யாரும் தூக்கிப் போடவில்லை.

இனி 'ரத்தக்கண்ணீர்'. இங்கேதான் எனக்குச் சண்டை இருக்கிறது. தங்கராசு எழுதி ராதா நூற்றுக்கணக்கான மேடைகளில் நடித்த நாடகம். 1954 தீபாவளிக்கு கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் படமாக வந்தது. வெளிநாட்டிலிருந்து திரும்பிய பணக்கார மோகனசுந்தரம். கட்டிய மனைவி சந்திராவை ஒதுக்கிவிட்டு காந்தா வீட்டில் கிடக்கிறான். குஷ்டம் வருகிறது. காந்தா துரத்துகிறாள். பிச்சைக்காரனாகத் தெருவுக்கு வருகிறான். கடைசியில் தன் மனைவியைத் தன் நண்பன் பாலுவுக்குக் கட்டிவைக்கிறான். 1950களில் புருஷனே மனைவிக்கு மறுமணம் செய்துவைக்கிற காட்சி சாதாரணம் இல்லை. அதுக்கு ஒரு வணக்கம்.

ஆனால் அந்த நாடகத்தின் பயம் எதன் மேல் நிற்கிறது? தொடக்கூடாத உடம்பின் மேல். தப்பு செய்தவனுக்குத் தண்டனை, ஊர் தீண்டாத ஒரு உடம்பு. தொழுநோய் ஒரு கிருமியால் வருகிறது என்று ஹான்சன் 1873லேயே கண்டுபிடித்துவிட்டார். தாசி வீட்டுக்குப் போவதற்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் கர்ம வினை என்று சாமியார் சொன்னதையே, ஒழுக்கக்கேட்டின் விளைவு என்று பகுத்தறிவு மேடை சொல்லிவிட்டது. பஞ்சமருக்கும் குஷ்டரோகிக்கும் இடமில்லை என்று ஓட்டலில் பலகை தொங்கியதை நம்ம வீட்டுக் கிழவர்கள் சொல்லிக் கேட்டவர்கள்தானே நாம்? இரண்டு பேரையும் ஒரே பலகையில் எழுதினான். 1898ஆம் வருஷத்துத் தொழுநோயாளர் சட்டத்தை நீக்கியது 2016இல். தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டலாம் என்று இருந்த பிரிவுகளை எடுத்தது 2019இல். மருந்து வந்து எத்தனையோ வருஷம் கழித்து! இந்த அருவருப்பை வளர்த்ததில் அந்தப் படத்துக்கும் பங்கு உண்டு. காந்தாவைப் பற்றியும் கேட்கணும். அந்தப் பெண் எந்தத் தெருவில் பிறந்தாள், அவளை அங்கே யார் வைத்தார்கள் என்று அந்த மேடை யோசிக்கவில்லை. எம்.என். ராஜம் நன்றாக நடித்தார், அவ்வளவுதான்.

இதோட நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். இன்னொரு பாதி இருக்கிறது. பணக்கார மோகனசுந்தரம் பேசுவதைவிடக் குஷ்டரோகி மோகனசுந்தரம் பேசுவதுதான் சனங்கள் மனசில் நின்றது. எல்லாரும் மூக்கைப் பொத்துகிற ஆள்தான் அந்தப் படத்தில் புத்திசாலி. பிச்சை கேட்டுக்கொண்டே பிச்சை போடுகிறவனைக் கேள்வி கேட்கிறான். பக்தியைக் கேட்கிறான், சாதியைக் கேட்கிறான். கொட்டகையில் இருக்கிறவன் அருவருத்துக்கொண்டே சிரிக்கிறான், சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்கிறான். பாணன் வாயை அடைக்கக் கல் எறிந்தார்கள். ராதா அந்த ஒதுக்கப்பட்ட உடம்பை மேடை நடுவில் உட்காரவைத்து, ராத்திரி முழுக்கப் பேசவிட்டார். யாரும் அவனைத் தோளில் தூக்கவில்லை, அவன் சோதியில் கலக்கவும் இல்லை. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் ராதாவை நான் விடமாட்டேன் என்கிறேன்.

ஆனாலும் அந்த உடம்புக்குள் இருந்தவன் பிறப்பால் பணக்காரச் சாதி இந்து. தீண்டாமை அவனுக்கு நோயாகத்தான் வருகிறது. பிறப்பாக வருகிறவனை அந்த மேடை கதாநாயகனாக்கவில்லை. பார்ப்பான் என்ன செய்தான் என்று துணிந்து கேட்ட மேடைக்கு, பண்ணையார் என்ன செய்கிறான், நடுத்தெருக்காரன் என்ன செய்கிறான் என்று கேட்கும்போது மட்டும் தொண்டை கட்டிக்கொண்டது. ராதா ஒருவரை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை, அது அந்த இயக்கத்தின் எல்லை. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தபோது ராதா சிறையில் இருந்தார். வெளியே இருந்திருந்தால் நாடகமாகப் போட்டிருப்பார் என்று சிலர் ஆதங்கப்படுகிறார்கள். போட்டிருக்கலாம். நம்ம சாவை நாடகமாக்க அவர் வெளியே வரணும் என்று நாம் எதுக்குக் காத்திருக்கணும்? கே.ஏ. குணசேகரன் 'பலி ஆடுகள்' எழுதியபோது அந்தக் காத்திருப்பு முடிந்தது. எழுதினவர் நம்ம ஆள், கதையும் நம்ம கதை.

சிறை என்றதும் எம்.ஜி.ஆர். சமாச்சாரம் வந்துவிடும். 1967 ஜனவரி 12, துப்பாக்கிச் சூடு, வழக்கு, தண்டனை, 1971இல் விடுதலை. தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு ராதாவைப் பற்றி அது மட்டும்தான் தெரியும். 'பாகப்பிரிவினை', 'பலே பாண்டியா' என்று அவர் சினிமாவைக் கலக்கிய வருஷங்கள் எல்லாம் அந்த ஒரு நாளில் அடிபட்டுப் போயின. நான் அதைக் கிளறப் போவதில்லை.

அதைவிட, வெளியே வந்து அவர் செய்த ஒரு காரியம் நமக்கு உபயோகம். எழுத்தாளர் விந்தனிடம் உட்கார்ந்து தன் கதையைச் சொன்னார். 'தினமணி கதிர்' பத்திரிகையில் வந்தது. பிறகு 'சிறைச்சாலை சிந்தனைகள்' என்று புத்தகமாக ஆனது. விந்தன் அச்சகத்தில் எழுத்துக் கோத்து வாழ்க்கையை ஆரம்பித்தவர். பள்ளிக்கூடம் போகாத நடிகன் சொல்ல, அச்சுக் கோத்தவன் எழுதிய புத்தகம் அது. மாணவர்கள் கட்டாயம் படிக்கணும். தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ளும் மெனக்கெடல் அதில் இல்லை. மேடையில் பேசின மாதிரியே பேசுகிறார். படிக்கும்போது குரல் காதில் விழும். நம்ம கிழவர்கள், கிழவிகளிடம் இப்படி உட்கார்ந்து எழுதுங்கள் என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பறை அடித்தவர்கள், கூத்துக் கட்டினவர்கள், கம்பெனி நாடகத்துக்குத் திரை இழுத்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ராதா இதே திருச்சியில்தான் செத்தார். 1979 செப்டம்பர் 17. பெரியார் பிறந்து சரியாக நூறு வருஷம் ஆன நாள். ஆற்றுக்கு அக்கரையில் ராஜகோபுரம் அப்போது மொட்டையாகத்தான் நின்றது, 1987இல்தான் முடித்தார்கள். அந்தக் கோபுரத்துக்கு எதிரே பெரியாருக்குச் சிலை வைத்தபோது, 2006 டிசம்பரில், திறக்கிறதுக்கு முன்னாலேயே சிலையை உடைத்தார்கள். திருப்பிச் செய்து அதே மாசம் திறந்தார்கள்.

இப்போ வேலைக்கு வருவோம். சம்பூகன் காட்சியை எழுதி வந்திருக்கிற தோழர்களுக்குச் சொல்கிறேன். கம்பன் பட்டாபிஷேகத்தோடு முடித்துவிட்டான். தவம் செய்த குற்றத்துக்காகச் சம்பூகன் தலையை ராமன் வெட்டுவது அதுக்குப் பிறகு, உத்தர காண்டத்தில். அதாவது கம்பர் மண்டபத்தில் கதை முடிந்த இடத்தில்தான் உங்கள் நாடகம் ஆரம்பிக்கிறது. எழுதி வந்ததைப் படித்தேன். சம்பூகன் நிறைய அழுகிறான். குறைத்துவிடுங்கள். அவனுக்குக் கேலி பேசத் தெரியணும். வெட்ட வந்திருக்கிற ராமனிடம், நீ எத்தனை நாள் தவம் செய்தாய் என்று அவன் கேட்கட்டுமே. முடிவில் அவன் மேல் பூ விழுகிற மாதிரி வைத்திருக்கிறீர்கள். அந்தப் பூவை எடுத்துவிடுங்கள், சோதியும் வேண்டாம். நாடகம் போடப்போகிற ஊரில் அந்த வாரம் என்ன நடந்ததோ, டீக்கடைக் கிளாஸோ, சுடுகாட்டுப் பாதையோ, அதைப் பேச நடுவில் ஒரு இடம் காலியாக விட்டு வையுங்கள். அதை எழுதிக்கொண்டு போகாதீங்க. அங்கே போய் விசாரித்து, அங்கேயே பேசுங்கள். கூட்டத்திலிருந்து குரல் வந்தால் வசனத்தை நிறுத்திட்டு அவனுக்குப் பதில் சொல்லுங்கள்.

மைக் போதும், அணைச்சுடலாம். பெஞ்சுகளைச் சுவரோரமாகத் தள்ளுங்க. சம்பூகனாக நடிக்கிற தோழர் முன்னால் வரட்டும், ராமன் அப்புறம் வரலாம்.